தரையைக் கேட்டு நடந்தவர்

எங்கள் வீட்டில் அவருக்குப் பீரோக்காரன் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எட்டொன்பது வருஷப் பழக்கத்தில் நாங்கள் ஒருவரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. இன்று ‘அவர்’ என்று மரியாதையாக எழுதுகிறேன். அன்று அப்பா, அம்மா, நான் மூன்று பேருக்கும் அவர் ‘அவன்’தான். இத்தனை காலம் கழித்து மரியாதை கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று யாராவது கேட்கலாம்.

வீட்டுச் சாமான்களை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றித் தருவது அவர் தொழில். எங்களுக்கோ வீடு மாறுவதே தொழில். அப்பாவுக்கு எந்த வீட்டுக்காரரோடும் மூன்று நான்கு வருஷத்துக்கு மேல் ஒத்துப்போகாது. குழாய்த் தண்ணீர், மொட்டைமாடிக் கொடி, வாசல் விளக்கை யார் அணைப்பது என்று எதிலாவது ஒன்றில் ஆரம்பிக்கும். பிறகு முகம் பார்ப்பது நிற்கும். கடைசியில் அம்மா, “அந்த பீரோக்காரனுக்குச் சொல்லி அனுப்புங்கோ” என்பாள். அறுபதுகளின் கடைசியில் மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் ஆரம்பித்தோம். அங்கிருந்து மந்தைவெளி, அப்புறம் மாம்பலம், அப்புறம் அடையாறு. மூன்று முறையும் அவர்தான் வந்தார்.

கால்வாய் ஓரத்துக் குடிசைகளில் அவர் வீடு. ஒல்லியான மனிதர். பீரோவைத் தூக்கும் ஆள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அவருடைய மச்சான்கள் இரண்டு பேர் நல்ல வாட்டசாட்டமாக இருப்பார்கள். ஆனால் அவர் சொல்லாமல் அவர்கள் ஒரு நாற்காலியைக்கூடத் தொடமாட்டார்கள். சட்டையின் இடது பையில் ஒரு பழைய பவுடர் டப்பா நிறையக் கடற்கரை மணல், வலது பையில் தாளில் சுற்றிய சலவை சோப்புத் துண்டு. நகர வேண்டிய இடத்துக்கு சோப்பு, நிற்க வேண்டிய இடத்துக்கு மணல். “இந்த ரெண்டும் கீதுன்னா ஒலகத்தையே நவுத்திடலாம் சாமி” என்று அப்பாவிடம் ஒரு முறை சொன்னார். அப்பாவுக்கு அது திமிராகப் பட்டது.

சாமான் மாற்றுவதற்கு முதல் நாளே வந்துவிடுவார். எந்தச் சாமான் எத்தனை என்று கேட்கமாட்டார். செருப்பில்லாத வலது காலைத் தரையில் வைத்து முன்னும் பின்னும் இரண்டு முறை தேய்ப்பார். அப்போது கண் மூடியிருக்கும். வாசல், நடை, ரேழி, மாடிப்படி என்று ஒவ்வொரு இடமாக இதே வேலை. முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. சிரிப்பு வந்துவிட்டது. “என்ன பண்றே?” என்று கேட்டேன்.

“தரைய கேக்கறேன் பாப்பா.”

“என்ன சொல்றது?”

“இங்க புடிச்சுக்குவேன்றது. தோ, அந்த முத்தத்தாண்ட வயுக்கும்ன்றது. மனுசன் பொய் சொல்லுவான், தரை சொல்லாது.”

மயிலாப்பூர் வீட்டிலிருந்து கிளம்பிய அன்று அப்பாவுக்கும் அவருக்கும் முதல் மோதல். எங்கள் பீரோ இரும்பில் செய்த பழைய காலத்து ராட்சதம். அம்மாவின் கல்யாணத்துக்குச் சீராக வந்தது. சுவரோரம் வேர் பிடித்தாற்போல நின்றிருந்தது. அவர் தரையைத் தேய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பொறுமை இழந்த அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பீரோவின் தோளில் கை வைத்துத் தள்ளினார். பீரோ நகரவில்லை, சாய்ந்தது. மச்சான்கள் ஓடிவந்து பிடித்தார்கள்.

“மேல தள்ளுனா கவுரும் சாமி. கீய தள்ளுனாதான் நவுரும்” என்றார் அவர். குரலில் கேலி எதுவும் இல்லை. அப்பாவின் காதில் மட்டும் கேலியாக விழுந்தது.

அம்மா சமாதானம் செய்கிறாற்போல, “அடிமேல் அடி வச்சா அம்மியும் நகரும்பா. எல்லாருமா ஒரு கை பிடிங்கோ” என்றாள்.

“அடிச்சா அம்மி ஒடையும்மா, நவுராது. அடில ஒரு ஈரக் கோணி போட்டுக்கினு இயுத்துப் பாருங்க, அதுவா பின்னாலயே வரும்” என்று சொல்லிவிட்டு, பீரோவின் முன்கால்களை ஒரு கடப்பாரை நுனியால் ஒரு விரல் உயரம் தூக்கி, கோணியைச் செருகினார். பிறகு மச்சான்களைப் பார்த்து, “மொத அசைவுதாண்டா கஷ்டம். அதுக்குத்தான் பலம். அசஞ்சிச்சின்னா பலத்த வுட்டுட்டு புத்திய புடிச்சுக்கணும்” என்றார். இருபது வருஷத்துப் பீரோ நடையைத் தாண்டி வாசலுக்குப் போனது. ஐலசா சத்தம் எதுவும் கிடையாது. அவர் வேலை செய்யும்போது யாரும் கத்தக்கூடாது. கத்தினால் கயிறு பேசுவது கேட்காதாம்.

மாம்பலம் வீட்டுக்குப் போன நாள்தான் அம்மாவுக்கு மறக்க முடியாத நாள். அங்கே எங்கள் போர்ஷன் மாடியில். படிக்கட்டில் இரண்டு பலகை போட்டு, பீரோவை மல்லாக்கப் படுக்கவைத்து, மாடித் தாழ்வாரத்துத் தூணில் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றி இழுத்தார்கள். பாதிப் படியில் பலகை ஒன்று விலகிவிட்டது. அதைச் சரிசெய்ய மேலே இருந்த மச்சானும் இறங்கி வர வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா காப்பி டம்ளரோடு தாழ்வாரத்துக்கு வந்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் தூணில் இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, கயிற்று நுனியை அம்மாவிடம் நீட்டி, “கொஞ்சம் புடிச்சுக்கமா, தோ வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு இறங்கியே போய்விட்டார்.

“ஐயோ பெருமாளே, நான் எப்படிப்பா பிடிப்பேன்!” என்று அம்மா அலறினாள். ஆனால் பீரோ அசையவே இல்லை. கயிறு தூணைக் கட்டிக்கொண்டு எல்லாப் பாரத்தையும் தானே வாங்கிக்கொண்டது. ஒரு கையில் காப்பி, ஒரு கையில் கயிறு. அவருக்குக் காப்பி ஊற்றும்போது டம்ளரில் கை பட்டுவிடாமல் ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுகிறவள் அம்மா. அன்று அவர் கை வியர்வையில் ஊறிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றாள். “பீரோவையே ஒத்தக் கையால தாங்கிட்டேனாக்கும்” என்று பிற்பாடு அக்கம்பக்கத்தில் பெருமை அடித்துக்கொண்டாள்.

அதே நாளில் அப்பாவுக்கு அவர்மேல் இரண்டாவது கோபம். கட்டில் மட்டும் பாக்கி இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அவர் கைவண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு, பீடி பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ராகுகாலத்துக்கு முன்னால் எல்லாம் உள்ளே போக வேண்டும் என்று அப்பா குதித்தார்.

“ராகுகாலம் நாளைக்கும் வரும் சாமி. காலு ஒடஞ்சா வராது. தரை ஈரமா கீதுன்னா நான் கை வெக்கமாட்டேன்.”

கட்டில் ராகுகாலத்தில்தான் உள்ளே போனது. அதற்கப்புறம் வீட்டில் யாருக்கு ஜலதோஷம் பிடித்தாலும் அப்பா கட்டிலைத்தான் பார்ப்பார். ஆனாலும் அடுத்த தடவையும் அவருக்கே சொல்லி அனுப்பினார். ஒரு டம்ளர்கூட நசுங்காமல் கொண்டுவந்து சேர்க்கிற ஆள் வேறு யார் இருக்கிறார்கள்? மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அவர் இல்லாமல் யாரும் வீடு மாறியதில்லை என்றே சொல்லலாம். ‘தரை பார்த்து வேலை செய்கிறவன்’ என்று அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து. அதை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அடையாறு வீட்டுக்குப் போகும்போது எனக்கு இருபத்தாறு முடிந்திருந்தது. ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். ஜாதகம் ஊர் ஊராகப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. அடையாறு வீட்டுக்கார மாமிக்கு டெல்லியில் உத்தியோகம் பார்க்கும் ஒரு தம்பி இருப்பதாக அம்மா எப்படியோ மோப்பம் பிடித்திருந்தாள். அந்த வீட்டை அவள் அவ்வளவு ஆசையாகப் பிடித்ததற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல இருந்தேன். எனக்கும் ஆசைதான்.

அங்கேயும் எங்கள் போர்ஷன் மாடியில், கீழே வீட்டுக்கார மாமி. முதல் நாள் அவர் வந்து தரையைக் கேட்டார். கீழே நடை முழுக்க சிவப்பு சிமெண்ட், எண்ணெய் விட்டுத் தேய்த்தாற்போல வழவழப்பு. நடையின் கோடியில் மாடிப்படி. காலைத் தேய்த்தவர் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

“அம்மா, நாளைக்கு இந்த நடைக்கும் படிக்கும் தண்ணி காட்டாதீங்க. காஞ்சிருந்தா புள்ள மாதிரி சொன்னபடி கேக்கும். ஈரம் பட்டுச்சின்னா கண்ணாடிதான்.”

அம்மா சரி என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மறுநாள் தை மாசக் காலை. விடியற்காலையில் பால் காய்ச்சிவிட்டு, பிறகு சாமான் ஏற்றுவதாக ஏற்பாடு. வெறும் தரையில் பால் காய்ச்சலாமா? கோலம் வேண்டாமா? “வாசல்ல சின்னதா ஒண்ணு போடு, போறும்” என்றாள் அம்மா. நான் வாசலில் சின்னதாக ஒன்று போட்டேன். அப்புறம் படிக்கட்டின் அடியில், வீட்டுக்கார மாமி கதவைத் திறந்தால் நேரே கண்ணில் படுகிற இடத்தில், இரண்டு முழ அகலத்துக்கு இழைக்கோலம் போட்டேன். அரைத்த மாவில் துணியை நனைத்து விரலிடுக்கில் விட்டு, எட்டு இழை, சுற்றிச் செம்மண் கரை. என் கைக்கோலம் நன்றாக இருக்கும். மாமி வந்து பார்த்து, “யாரு, நீயா போட்டே? கண்ணு பட்டுடும்” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

இழைக்கோலம் போட்டவுடன் தெரியாது. சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும். காயக் காயத்தான் வெளுக்கும். அவர்கள் பீரோவோடு வந்தபோது ஓரங்கள் வெளுத்திருந்தன. நடுவில் இன்னும் சாம்பல்.

அவர் கோலத்தைப் பார்த்ததும் நின்றார். பீரோவைப் பலகைமேல் ஏற்ற வேண்டுமானால் ஒரு காலை முதல் படியிலும் மற்றதைச் சரியாக அந்தக் கோலத்திலும்தான் ஊன்ற வேண்டும். வலது கால் தேய்த்துப் பார்ப்பதற்குத் தானாக எழுந்தது. உடனே கீழே இறங்கிவிட்டது. லட்சுமி குடியிருக்கிற இடத்தில் காலைத் தேய்ப்பதாவது! கை சட்டைப் பைக்குப் போய் மணல் டப்பாவை எடுத்தது.

“பாப்பா, காஞ்சிடுச்சா?”

மாமி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவர் மணலைத் தூவினால் எட்டு இழையும் குப்பையாகிவிடும். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

“காஞ்சுடுத்து காஞ்சுடுத்து. மண்ணெல்லாம் போடாதே” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார். வலது காலை முதல் படியில் வைத்து, இடது காலை முடிந்தவரை ஓரமாகக் கோலத்தில் ஊன்றி, பீரோவுக்குத் தோள் கொடுத்தார். மேலே மச்சான் தூணில் சுற்றிய கயிற்றை இழுத்தான். பீரோ இரண்டு படி ஏறியது. பாரம் ஏற ஏற ஊன்றிய கால் நடுவிலிருந்த ஈரத்துக்கு நகர்ந்து, சர்ரென்று போயிற்று. அவர் பக்கவாட்டில் விழுந்தார். தாங்கிய தோள் விலகியதும் பீரோ ஒரே ஒரு படி கீழே இறங்கியது. அதற்குள் தூண் கயிற்றைப் பிடித்துவிட்டது. ஆனால் அந்த ஒரு படியில் அவருடைய வலது பாதம் இருந்தது.

அவர் கத்தவில்லை. மச்சான்கள்தான் கத்தினார்கள். பீரோவை நிமிர்த்தி அவரை வெளியே எடுத்தபோது கோலம் முழுவதும் அழிந்திருந்தது. எது ஈரம், எது காய்ந்தது என்று சொல்ல இனி ஒரு சாட்சியும் இல்லை.

“யானைக்கும் அடி சறுக்கும்னு சும்மாவா சொன்னா! மழை பேஞ்சா ஊருக்கெல்லாம் தரை சாஸ்திரம் சொல்லத் தெரியறது. தான் கால் வைக்கற எடத்தைப் பாத்து வைக்க வேண்டாமோ?” என்றார் அப்பா. மாம்பலத்துக் கட்டிலின் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

வலியில் முகமெல்லாம் வியர்த்திருந்தது அவருக்கு. என்னை ஒரு முறை பார்த்தார். “எம்மேலதான் தப்பு சாமி” என்றார்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். மாமி “ச்சு ச்சு” என்றுகொண்டு நின்றாள். நான் அழிந்த கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரிக்கு அம்மா ஒரு டஜன் சாத்துக்குடி கொடுத்தனுப்பினாள். நான் போய்ப் பார்க்கவில்லை. டெல்லித் தம்பியின் ஜாதகம் பொருந்தவில்லை என்று மாமி பத்து நாளில் சொல்லிவிட்டாள்.

அப்பா இந்தக் கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கோயில் பிராகாரத்தில், சபாக் கச்சேரிகளைப் பற்றிப் பேசும் அவருடைய சாயங்கால நண்பர்களிடம், ரேஷன் கடை வரிசையில். “ரொம்ப கெட்டிக்காரன்னு நெனச்சுண்டிருந்தோம். தரையைப் பாக்காம கால் வச்சுட்டான்.” அப்பாவுக்குக் கதை சொல்ல வரும். கேட்டவர்கள் மறக்கவில்லை. மச்சான்கள் தனியாகத் தொழிலை நடத்திப் பார்த்தார்கள். ‘ஓ, அந்தத் தரை பார்க்காத கோஷ்டியா?’ என்று ஜனங்கள் வேறு ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு வருஷத்துக்குள் கைவண்டியையும் விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

எனக்கு ஒருவழியாகக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தப் புடவை எடுக்க அம்மாவும் நானும் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களின் கடை. வாசலில் ஸ்டூல் போட்டு ஓர் ஆள் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். அம்மா கூட்டத்தில் உள்ளே போய்விட்டாள். நான் செருப்பைக் கழற்றிக் கொடுத்தபோதுதான் முகத்தைப் பார்த்தேன்.

“பாப்பாவா? நல்லா கீறியா? கண்ணாலமா?” என்றார். சிரித்தார். காலில் தடித்த ரப்பர் செருப்பு.

“கால் எப்படி இருக்கு... உங்களுக்கு?” என்றேன். முதல் தடவையாக ‘உங்களுக்கு’ என்ற வார்த்தை வாயில் வந்தது.

“எலும்பெல்லாம் சேந்துக்கிச்சு. நடக்கறேன். ஆனா பாதத்துக்கு ஒண்ணும் தெரியல பாப்பா. தரை சூடா, சில்லுன்னு கீதா, சொரசொரப்பா, ஒண்ணும் தெரியல. பஞ்சு மேல நிக்கறா மாதிரியே கீது.” அதை ஏதோ பக்கத்து வீட்டு விஷயம்போலச் சொன்னார்.

“அன்னிக்குக் கோலம் காயலை. நான் பொய் சொன்னேன்” என்றேன்.

“தெரியுமே.”

“தெரியுமா? எப்படி?” என்றேன்.

“நடுவுல ஈரம் மின்னிச்சே, கண்ணுக்குத் தெரியாதா? ஆனா நீ காஞ்சிடுச்சின்னு சொன்ன. வீட்டுக்காரம்மா வேற பாத்துக்கினு கீறாங்க. அவங்க எதிர்ல, நீ சொல்றது பொய்யின்னு மண்ணு போட்டுக் காட்டறதா? உனுக்கு அவமானம் இல்லியா? சமாளிச்சுக்கலாம்னு வெச்சிட்டேன்.”

நல்ல வேளையாக யாரோ செருப்பு கேட்டு வந்தார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

“பாப்பா, ஒண்ணே ஒண்ணு. காலு போனது போவட்டும், உடு. சாமிகிட்ட மட்டும் ஒரு தபா சொல்லிடு. நான் பாக்காம வெக்கல. பாத்தேன், கேட்டேன். ‘தரைய பாக்காதவன்’னு எங்க போனாலும் சொல்றாங்க. எம்மச்சானுங்ககூட அப்பிடித்தான் நெனச்சிக்கினு கீறானுங்க. அந்தப் பேரு மட்டும் வோணாம் பாப்பா.”

“இன்னிக்கே சொல்லிடறேன். சத்தியமா” என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் சம்பந்தி மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளையாகப் போகிறவர். அம்மா என்னிடம் காப்பித் தட்டைக் கொடுத்து அனுப்பினாள். சீராகக் கொடுக்கிற புதுப் பீரோவை எப்போது, யாரை வைத்துக் கொண்டுபோவது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

“ஆளைப் பாத்துத்தான் பிடிக்கணும்” என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்காத்துக்கு வழக்கமா ஒருத்தன் வருவான். பேச்சு பிரமாதமா இருக்கும். கடைசில என்ன ஆச்சுன்னு கேளுங்கோ. இவதான் பக்கத்துலயே நின்னுண்டிருந்தா. ஏம்மா, அன்னிக்கு அவன் தரையைப் பாத்தானோ?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையாகப் போகிறவர் லேசாகச் சிரித்தார். என் கையில் தட்டு.

“இல்லைப்பா” என்றேன்.

கல்யாணத்துக்கு அப்புறம் இரண்டு தடவை அந்தக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறேன். இரண்டு தடவையும் எதிர்ச்சாரியில் நடந்தேன். அப்பா தம் கடைசி வருஷம்வரை அந்தக் கதையைச் சொன்னார். என் பிள்ளைகளுக்கும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அப்பா இல்லை, அம்மா இல்லை, அந்த மாமியும் இல்லை. அவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. பெயர் தெரியாமல் யாரிடம் போய் விசாரிப்பது?

அவர் தரையைப் பார்த்தார். காய்ந்துவிட்டதா என்று என்னிடம் கேட்கவும் கேட்டார்.